மும்பைத் தெருவில் ஒரு நாள்... அதிகாலை இட்லி முதல் நள்ளிரவு மால்புவா வரை!

மும்பைக்காரர் ஒருவரிடம், "உங்க ஊர்ல நல்ல வடாபாவ் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடையின் பெயர் வராது. "நீங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குறீங்க?" என்ற கேள்விதான் வரும். தாதரில் இறங்குபவருக்கு ஒரு கடை, சர்ச்கேட்டில் இறங்குபவருக்கு ஒரு கடை, தாணேவில் இறங்குபவருக்கு வேறொரு கடை. ஒவ்வொருவரும் தன் ஸ்டேஷன் வாசல் கடைதான் உலகத்திலேயே உசத்தி என்று அடித்துச் சொல்வார்கள்.

இந்தப் பதிலில்தான் மும்பைத் தெருச் சாப்பாட்டின் ரகசியமே இருக்கிறது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது இந்த ஊரில்தான். போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர். இன்று மும்பையின் புறநகர் ரயில்களில் ஒரு நாளைக்குச் சுமார் 70 லட்சம் பேர் பயணம் செய்கிறார்கள். விரார், கல்யாண், பன்வேல் என்று எங்கெங்கிருந்தோ ஒன்றரை மணி நேரம் நின்றபடியே வேலைக்கு வருகிறவர்கள் அதில் ஏராளம். அவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. ஓட்டலில் தினமும் உட்கார்ந்து சாப்பிட சம்பளம் கட்டுப்படியாகாது.

ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றபடியே சாப்பிட்டு முடிக்க வேண்டும். அடுத்த வேளை வரை பசி தாங்க வேண்டும். விலை பாக்கெட்டைக் கடிக்கக் கூடாது. இந்த நான்கு கண்டிஷனுக்கும் ஒத்துவருவதுதான் மும்பையில் ஜெயித்த தெருத் தின்பண்டம். அதனால் அங்கே எதையும் அதற்குரிய நேரத்தில் சாப்பிட்டால்தான் ருசி. வாங்க, மணியைப் பார்த்துக்கொண்டே ஒரு ரவுண்டு போய்வரலாம்!

அதிகாலை 5 மணி: 'அண்ணா' இட்லி

கடிகாரப்படி பார்த்தால் மும்பையின் முதல் தெரு டிபன் நம்முடையதுதான். ஊர் விழிக்கும் முன்பே தாராவியின் சந்துகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். முதலில் வந்தவர்களில் பலர் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் இட்லி வியாபாரமும் ஒரு பெரிய பிழைப்பாக வளர்ந்தது.

நடு இரவுக்குப் பிறகு ஆவி பறக்கப் பறக்க இட்லி வெந்து இறங்கும். மெதுவடை பொரியும். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் துணி போட்டு மூடி, ஒரு தூக்கில் தேங்காய்ச் சட்னி, இன்னொரு தூக்கில் சாம்பார். அவ்வளவையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் வியாபாரிகள் கிளம்பிவிடுவார்கள். சிலர் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திக்கொள்வார்கள். சிலர் குடியிருப்புகளைச் சுற்றி வருவார்கள். ரப்பர் ஹார்னை 'பாம் பாம்' என்று அமுக்கினால், மராத்தி வீடானாலும் குஜராத்தி வீடானாலும், "அண்ணா வந்தாச்சு" என்று குழந்தைகள் பாத்திரத்தோடு ஓடிவரும். மும்பையில் 'அண்ணா' என்பது உறவுமுறை மட்டுமல்ல; இட்லி, தோசை விற்பவருக்கு ஊரே வைத்திருக்கும் பெயர்.

சட்னி கொஞ்சம் தண்ணியாக இருக்கும். சாம்பாரில் லேசாக இனிப்பு தட்டலாம். "எங்க ஊர் சாம்பார் மாதிரி வருமா?" என்று கேட்காதீர்கள். அந்த இட்லியும் ஊருக்குப் பிழைக்க வந்து, ஊரோடு ஒத்துப்போனதுதான்!

காலை 8 மணி: அவலும் ஜவ்வரிசியும்

எட்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் நிறத்தில் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். அதுதான் காந்தா போஹா. 'காந்தா' என்றால் வெங்காயம், 'போஹா' என்றால் அவல். கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, வேர்க்கடலை, மஞ்சள்தூள் சேர்த்து, ஊறவைத்த அவலைக் கிளறி இறக்குகிறார்கள். மேலே தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, ஓர் எலுமிச்சைத் துண்டு. நம் அவல் உப்புமாவின் மராத்தி அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு இதமானது. குழந்தைகளோடு போகிறவர்கள் நாளை இதில் தொடங்கலாம்.

பக்கத்திலேயே சாபுதானா வடை இருக்கும். ஊறவைத்த ஜவ்வரிசி, மசித்த உருளைக்கிழங்கு, இடித்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துத் தட்டிப் பொரித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்மெத். மகாராஷ்டிராவில் ஏகாதசி, சதுர்த்தி, நவராத்திரி என்று விரத நாட்களில் தானியத்துக்குப் பதிலாக ஜவ்வரிசிதான் கைகொடுக்கும். நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. ஜவ்வரிசி உற்பத்திக்குப் பேர்போனது நம் சேலம், நாமக்கல் பகுதி. அங்கே மரவள்ளிக்கிழங்கிலிருந்து தயாராகும் ஜவ்வரிசி வடக்கே மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களுக்கு லாரி லாரியாகப் போகிறது. 'சேலம் ஜவ்வரிசி'க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் பாயசத்தோடும் வடகத்தோடும் நிறுத்திக்கொண்டதை, அவர்கள் வடையாகவும் கிச்சடியாகவும் கொண்டாடுகிறார்கள். தாதர், சிவாஜி பார்க் பக்கம் போனால் தவறவிடாதீர்கள்.

இதோடு ஒரு 'கட்டிங்' சொல்லுங்கள். சிறிய கண்ணாடி கிளாஸில் பாதி அளவு டீ. இஞ்சியும் ஏலக்காயும் தூக்கலாக இருக்கும். நேரமும் மிச்சம், காசும் மிச்சம். நிதானமாக உட்கார ஆசைப்பட்டால், தெருமுனை இரானி கஃபே ஒன்றைத் தேடுங்கள். இரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய டீக்கடைகள் இவை. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. மரைன் லைன்ஸ் பக்கம் 1904-ல் தொடங்கிய 'கியானி' கடை இன்னும் நடக்கிறது. வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அங்கே சம்பிரதாயம்.

காலை 11 மணி: வடாபாவ்

இனி ராஜாவைப் பார்ப்போம். பெயரில் 'வடை' இருந்தாலும் நம் கணக்கில் அது உருளைக்கிழங்கு போண்டா. வேகவைத்து மசித்த கிழங்கில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கடுகு, மஞ்சள் சேர்த்து உருட்டி, கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். பாவ் ரொட்டியைப் பாதியாகக் கீறி, ஒரு பக்கம் பச்சைச் சட்னி, மறுபக்கம் புளிச் சட்னி, நடுவில் சிவப்பான காய்ந்த பூண்டுப் பொடி. போண்டாவை உள்ளே வைத்து ஓர் அமுக்கு. கூடவே உப்புப் போட்டுப் பொரித்த பச்சை மிளகாய். சாதாரணக் கடைகளில் 15 முதல் 25 ரூபாய்க்குள் ஒருவேளைப் பசி அடங்கிவிடும்.

இதில் எத்தனை கண்டங்கள் கலந்திருக்கின்றன தெரியுமா? உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 'பாவ்' என்ற பெயர், ரொட்டியைக் குறிக்கும் 'பாவ்ம்' போன்றொலிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் மாவைப் புளிக்க வைக்கக் கள்ளைப் பயன்படுத்தினார்கள். கோவாக்காரர்கள் பம்பாய்க்கு வந்து பேக்கரி வைத்தபோது, பாவும் கூடவே வந்தது.

போண்டாவையும் பாவையும் சேர்த்துவைத்த புண்ணியம் யாருக்கு? 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் கடை போட்ட அசோக் வைத்யா என்பவரைத்தான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அப்போது தாதர் வழியாக ஷிஃப்ட் மாறிப் போகிற மில் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். பரேல், லால்பாக் பகுதிக்கு 'கிர்ணகாவ்', அதாவது 'மில்களின் ஊர்' என்றே பெயர். பம்பாயில் முதல் பஞ்சாலைக் கம்பெனி 1854-ல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகான நூறு வருடங்களில் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் கொங்கண், சாத்தாரா பகுதிகளிலிருந்து வந்த இந்தத் தொழிலாளர்கள்தான்.

1982 ஜனவரியில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் வெற்றியோடு முடியவில்லை. பல மில்கள் மறுபடி திறக்கவே இல்லை. வேலை போன குடும்பங்களில் எத்தனையோ பேர் ஒரு கடாயும் ஸ்டவ்வும் வாங்கித் தெருமுனையில் வடாபாவ் போட ஆரம்பித்தார்கள். முதலில் தொழிலாளியின் பசியைத் தீர்த்த பண்டம், பிறகு அதே தொழிலாளியின் குடும்பத்துக்கு வருமானமாகவும் ஆனது. பழைய ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பளபளக்கும் ஷாப்பிங் மால் நிற்கிறது. அந்த மாலில் வேலை செய்யும் பிள்ளைகள் இடைவேளையில் வெளியே வந்து சாப்பிடுவதும் வடாபாவ்தான்!

ஒரு டிப்ஸ்: தாதர் மேற்கில் கீர்த்தி காலேஜ் பக்கத்துக் கடைக்குப் போனால் 'சூரா பாவ்' கேளுங்கள். வடை பொரிக்கும்போது எண்ணெயில் உதிரும் கடலை மாவுத் துணுக்குகளை அள்ளி, சட்னியோடு பாவுக்குள் அடைத்துத் தருவார்கள். 'கர் கர்' என்று கடிபடும் அந்தத் துணுக்குக்காகவே வருகிற ரசிகர்கள் உண்டு.

மதியம் 1 மணி: சாண்ட்விச்சும், நமக்குத் தெரியாத நம் தோசையும்

ஃபோர்ட், சர்ச்கேட், நரிமன் பாயின்ட் என்று அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளில் மதியம் ஒரு மணிக்கு ஒரு சிறிய மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். மேஜை மேல் பிரெட், வெண்ணெய், பச்சைச் சட்னி, மெல்லிசாக நறுக்கிய உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம். மும்பை சாண்ட்விச் என்றால் இதுதான். ஒவ்வோர் அடுக்குக்கும் மசாலாப்பொடி தூவி, நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு டோஸ்டரில் வைத்து நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். பொன்னிறமானதும் வெட்டி, மேலே சீஸைத் துருவிப் போட்டுத் தருவார்கள். கத்தி ஓடும் வேகத்தை வேடிக்கை பார்ப்பதற்கே தனியாகக் காசு கொடுக்கலாம். பீட்ரூட்டைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள்கூட இதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் தோசை வேகும். 'மைசூர் மசாலா' என்று சொல்லிப் பாருங்கள். தோசை மேலேயே வெண்ணெய், தக்காளி, வெங்காயம், சிவப்புச் சட்னி, உருளை மசாலா எல்லாவற்றையும் கொட்டி, கல்லிலேயே மசித்துப் பரப்புவார்கள். காட்கோபர் 'காவ் கல்லி'யில் 'ஜினி தோசை' கிடைக்கும். காவ் கல்லி என்றால் சாப்பாட்டுச் சந்து. ஜினி தோசை என்பது காய்கறியும் சீஸும் நிரப்பி, சுருட்டி, துண்டு போட்டு நிறுத்தி வைத்துத் தரும் தோசை. நம் பாட்டிகள் பார்த்தால் 'இதென்னடா கூத்து' என்பார்கள். ஆனால், ஒரு துண்டு வாயில் போட்ட பிறகு இன்னொன்று எடுக்காமல் இருக்க மாட்டார்கள்.

மாலை 5 மணி: கடற்கரைக் கச்சேரி

வெயில் தாழ்ந்ததும் கிர்காவ் சௌபாத்தி அல்லது ஜுஹு கடற்கரைக்கு வந்துவிடுங்கள். இது பேல்பூரி நேரம். பொரி, மெல்லிய சேவ், நொறுக்கிய பூரி, வெங்காயம், வேகவைத்த உருளை, மாங்காய்த் துண்டு, கொத்தமல்லி. இதில் காரமான பச்சைச் சட்னியும், புளியும் பேரீச்சையும் சேர்ந்த இனிப்புச் சட்னியும் ஊற்றி ஒரு குலுக்கு. கைக்கு வந்த அடுத்த நிமிடமே சாப்பிட்டுவிட வேண்டும். தாமதித்தால் பொரி நமுத்துப்போகும். ஸ்பூனுக்குப் பதிலாக ஒரு தட்டைப் பூரியைச் செருகித் தருவார்கள். கடைசியில் அந்த ஸ்பூனையும் தின்றுவிடலாம்!

நம் மெரினாவில் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் எப்படியோ, அப்படித்தான் சௌபாத்திக்கு பேல்பூரி. இரண்டுமே கடற்காற்றில் நடந்துகொண்டே கொறிப்பதற்கென்று அமைந்தவை. பேல்பூரியில் மும்பையின் பல ஊர்க்காரர்களும் கலந்திருக்கிறார்கள். இனிப்புச் சட்னியில் குஜராத்திக் கைமணம் தெரியும். கலந்து கொடுப்பவர் பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவராக இருப்பார்.

பானிபூரிக்கு ஒரு மரியாதை உண்டு. கடைக்காரரைச் சுற்றி அரைவட்டமாக நிற்க வேண்டும். அவர் வரிசைப்படி ஒவ்வொருவர் தட்டிலும் ஒவ்வொன்றாக வைப்பார். மும்பையில் உள்ளே வைப்பது சூடான வெள்ளைப் பட்டாணி மசியல் அல்லது முளைகட்டிய பயறு. அதன்மேல் சில்லென்ற புதினாத் தண்ணீர். சூடும் குளிரும் ஒன்றாக வாய்க்குள் வெடிப்பதில்தான் சுகமே. எல்லாம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் மசாலா மட்டும் போட்ட 'சுக்கா பூரி' ஒன்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். கேட்டு வாங்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குழந்தைகளின் கண் ஐஸ் கோலா மேல்தான் இருக்கும். 'காலா கட்டா' என்ற நாவல்பழச் சுவைக்குத்தான் கிராக்கி அதிகம். கருப்பு உப்பு தூவிய அந்த ஊதாச் சாறு நாக்கில் நிறம் ஏற்றிவிடும். வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டேன் என்று யாரும் பொய் சொல்ல முடியாது!

இரவு 8 மணி: பாவ்பாஜி

அகன்ற இரும்புக் கல்லில் கரண்டிகள் 'டக் டக் டக்' என்று தாளம் போடும். நம் ஊர் கொத்து பரோட்டாக் கடைக்கு எதிரில் நிற்பதுபோலவே இருக்கும். உருளை, தக்காளி, பட்டாணி, காலிஃபிளவர், குடைமிளகாய் எல்லாம் உருத்தெரியாமல் மசிந்து, மசாலாவும் வெண்ணெயும் சேர்ந்து செந்நிறத்தில் கொதிக்கும். வெண்ணெயில் புரட்டிய பாவோடு, பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. தார்தேவ் பகுதியின் 'சர்தார்' கடையில் பாஜியின் மேல் வெண்ணெய் மிதக்கும். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

இதன் பிறப்புக்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு உலகமெங்கும் கிராக்கி வந்தது. விலை விவரத்துக்காக இரவெல்லாம் காத்திருந்த பருத்தி வியாபாரிகளுக்காக உருவானது என்பது ஒரு கதை. இரவு ஷிஃப்ட் மில் தொழிலாளர்கள் சீக்கிரம் சாப்பிட்டு வேலைக்குத் திரும்ப, மீந்த காய்கறிகளை மசித்துக் கொடுத்ததில் பிறந்தது என்பது இன்னொன்று. எது சரி என்று சண்டை போட வேண்டாம். இரண்டு கதையிலும் பருத்தி இருக்கிறது. தூங்காமல் உழைத்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

இரவு 11 மணி: முகமது அலி ரோடு

ஊர் அடங்கும் நேரத்தில் விழித்துக்கொள்ளும் தெரு இது. ரம்ஜான் மாதத்தில் மினாரா மசூதியைச் சுற்றியுள்ள சந்துகளில் விடிய விடியத் திருவிழாதான். கரி நெருப்பில் சீக் கபாப், பாவோடு நிஹாரி, மண் தட்டில் குளிரவைத்த ஃபிர்னி. முடிவில் மால்புவா: முட்டை சேர்த்த மாவை அகலமாக ஊற்றிப் பொரித்து, இனிப்போடு, விருப்பப்பட்டால் பாலாடையோடு தருவார்கள். ஒரு மால்புவாவை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். நோன்பு திறந்த குடும்பங்களும், வேடிக்கை பார்க்க வந்த மற்ற மதத்தினரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மற்ற மாதங்களிலும் கடைகள் உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் இருக்காது.

இந்த வண்டிகள் நாளையும் நிற்குமா?

ருசியைப் பேசிவிட்டு, விற்கிறவர்களின் பாட்டைப் பேசாமல் போக முடியாது.

2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள கடைகள் மீது எல்லோர் பார்வையும் திரும்பியது. ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் தெரு வியாபாரம் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே உத்தரவிட்டது. நடக்க வழியில்லாமல் உயிர் போன ஊரில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால், ஸ்டேஷன் வாசலுக்காகவே பிறந்த வடாபாவ் 150 மீட்டர் தள்ளிப் போனால், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் அங்கே போவாரா? தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுத்து, லைசென்ஸ் கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. இடம் ஒழுங்காக ஒதுக்கப்பட்டால் நடப்பவருக்கும் வழி கிடைக்கும். விற்பவரும் மாநகராட்சி வண்டியைக் கண்டு கடாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் பாவுக்கு. பழைய பேக்கரிகள் பல இன்னும் விறகு அடுப்பில்தான் பாவ் சுடுகின்றன. பழைய மரச்சாமான்களின் கட்டைகளையும் எரிப்பதால் புகை மோசமாகிறது. காற்று மாசைக் காரணம் காட்டி, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதங்களுக்குள் சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஊர் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும்; அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அடுப்பை மாற்றும் செலவு சின்ன பேக்கரிக்குப் பெரும் பாரம். பாவ் விலை ஏறினால், முதலில் இடிப்பது வடாபாவையே மதியச் சாப்பாடாக நம்பியிருக்கும் கூலித் தொழிலாளிக்குத்தான்.

தாராவியில் மறுசீரமைப்பு வேலை தொடங்கியிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு; மற்றவர்களுக்கு வேறு இடத்தில் என்பது திட்டம். நல்ல கழிவறையும் உறுதியான கூரையும் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால், இட்லி வியாபாரிக்கு வீடுதான் சமையற்கூடம். வாசல்தான் சைக்கிள் நிறுத்துமிடம். மாவு ஆட்டி, நடுராத்திரி அடுப்பு மூட்டி, அண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தொழிலை அடுக்குமாடியின் மேல்தளத்திலிருந்து எப்படிச் செய்வது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால்தான் மும்பையின் அதிகாலையில் அந்த ஹார்ன் சத்தம் தொடர்ந்து கேட்கும்.

போவதற்கு முன் கவனிக்க...

* கண்ணெதிரே சூடாகப் பொரித்து, சுட்டுத் தருவதைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் உள்ள கடையில் பண்டம் தேங்காது.

* ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது பானிபூரித் தண்ணீர், ஐஸ் கோலா, நறுக்கி வைத்த பழங்களைத் தவிர்த்துவிடுங்கள். சில கடைகளில் பாட்டில் தண்ணீரில் பானிபூரி செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

* செய்தித்தாளில் சூடான எண்ணெய்ப் பண்டத்தைச் சுற்றித் தருவது உடலுக்கு நல்லதல்ல என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. பையில் சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தால் நிம்மதி.

* வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஜாக்கிரதை. போஹா, சாபுதானா வடை, சில கடைகளின் பூண்டுச் சட்னி எல்லாவற்றிலும் கடலை உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் இனிப்புச் சட்னியைக் குறைக்கச் சொல்லலாம்.

* ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு பிளேட் வாங்கினால் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கலாம்.

* நான்கு சொற்கள் போதும்: 'தீக்கா கம்' என்றால் காரம் குறைவாக. 'மீட்டா ஜாஸ்தி' என்றால் இனிப்பு கூடுதலாக. 'ஜெயின்' என்றால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல். 'ஏக் கட்டிங்' என்றால் பாதி டீ. இட்லிக்காரரிடம் தைரியமாகத் தமிழிலேயே பேசிப் பாருங்கள். அவர் முகத்தில் வரும் சிரிப்போடு இன்னொரு கரண்டி சட்னியும் கிடைக்கலாம்.

* சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வழியை மறிக்காமல் ஓரமாக நின்று சாப்பிடுங்கள். காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அடுத்தவர் நடக்க இடமிருந்தால்தான் அந்த வண்டி நாளையும் அங்கே நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதா? பரவாயில்லை, ஒரு வடாபாவை வாங்கிக்கொண்டு ஏறிவிடுங்கள். மும்பைக்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்!